அடி விழுகிற சத்தம்

1

என் தாடை உடைந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாம் மறந்துபோகிற எனக்கு இந்த நாள் மட்டும் முன்கூட்டியே நினைவுக்கு வந்துவிடுகிறது. தாடையே நினைவுபடுத்தும். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நவம்பர் குளிர் ஏற ஏற, எலும்பில் வைத்திருக்கும் தகடு பல்வரைக்கும் சில்லிட்டு இழுக்கும்.

ஊரில் இருப்பவர்களிடம் பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ‘பார்த்து நடக்கக் கூடாதா’ என்று எல்லாரும் போனில் கடிந்துகொண்டார்கள். நடந்தது வேறு.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கொல்லிமலையில் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் பிறந்து, சேலத்தில் படித்து, வளைகுடாவில் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். அன்று பகல் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். குளிர்காலத்தில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் மணி என்ன என்று கேட்டான். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் குனிந்தபோது முதல் குத்து விழுந்தது.

கீழே விழுந்த பிறகு காலால் உதைத்தார்கள். ‘உன் ஊருக்குப் போ’ என்பதை ஒவ்வோர் உதைக்கும் ஒரு முறை சொன்னார்கள். வலி உடனே தெரியவில்லை. சத்தம்தான் தெரிந்தது. பூட்ஸ் முனை தாடையில் படுகிற சத்தம் வெளியே நிற்பவனுக்கு ஒரு மாதிரி கேட்கும். வாங்குகிறவனுக்கு அது உள்ளேயிருந்து கேட்கும். காய்ந்த மூங்கிலை என் மண்டைக்குள் வைத்து யாரோ முறித்த மாதிரி இருந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தலையைக் கைகளுக்குள் கொடுத்துச் சுருண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். வாக்குமூலம் வாங்க ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்ல மனிதர். “யுவர் மேன் முதலில் எங்கே அடித்தான்?” என்று கேட்டார். என்னால் பேச முடியாது. காகிதத்தில் எழுதினேன்: ‘அவன் என் ஆள் இல்லை.’ அவர் புரியாமல் பார்த்தார். மறுபடி, “சரி, யுவர் மேன் எந்தப் பக்கம் ஓடினான்?” என்றார். நான் அதே வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். இந்தப் பக்கத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ‘அந்த ஆள்’ என்றுதான் அர்த்தம் என்று என் மனைவி சுமதி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் அது தெரியவில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்க வாய் திறக்கவில்லை.

2

வாய் கட்டப்பட்டிருந்த அந்த வாரங்களில்தான் உலகத்தில் இவ்வளவு விதமாக மனிதர்கள் பாடுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. இங்கே பிறந்தவள். தமிழ் புரியும், பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். தோழிகளோடு சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருக்கிறாள். அதில் டிரம்ஸ் அடிக்கிறவள் இவள். அவள் அறையிலிருந்து வருகிற சத்தத்துக்கு நான் எப்போதும் கதவைச் சாத்தச் சொல்கிறவன். யாரோ கழுத்தறுபட்டுக் கத்துவது போல இருக்கும். ‘இது பாட்டா?’ என்று கேட்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் தேய்ந்துகொண்டிருந்தது.

நான் ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி உறிஞ்சிக்கொண்டு சோபாவில் கிடந்தபோது, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினாள். கதவைச் சாத்தச் சொல்ல எனக்கு இப்போது வாய் இல்லை.

மங்கோலியப் புல்வெளிக்காரன் ஒருவன். ஒரே தொண்டையில் இரண்டு குரல். அடியில் மலைத்தேனீக் கூடு இரைகிற மாதிரி ஒன்று, அதற்கு மேல் சீட்டியடிக்கிற மாதிரி இன்னொன்று. அதற்கடுத்த நாள் பாலைவனத்துக் கிட்டார்க்காரன். முகத்தைத் துணியால் சுற்றியிருந்தான், சண்டை நடந்த ஊரிலிருந்து தப்பி வந்தவனாம். இன்னொரு நாள் காகசஸ் மலைக்காரர்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தபடியே, மூன்று குரலாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுகிற மாதிரி பாடினார்கள். பனிப்பிரதேசத்தில் இரண்டு பெண்கள் முகத்துக்கு முகம் நின்று, மூச்சை மட்டும் வைத்து ஒருத்தியை ஒருத்தி விரட்டினார்கள். யாருக்கு முதலில் சிரிப்பு வருகிறதோ அவள் தோற்றவள். வடக்கே மான் மேய்க்கிற சனங்களின் பாட்டைப் போட்டுவிட்டு நிலா சொன்னாள்: “அப்பா, இவங்க ஒரு ஆளப் பத்திப் பாட மாட்டாங்க. அந்த ஆளையே பாடுவாங்க. பாடினா அந்த ஆள் வந்த மாதிரி.”

கொரியாவில் ஒரு பாட்டு முறை இருக்கிறது. அந்தக் காலத்தில் அதைக் கற்பவர்கள் அருவிக்கு எதிரே நின்று, அருவிச் சத்தத்தைத் தாண்டிக் குரல் வரும்வரை கத்துவார்களாம். தொண்டையில் ரத்தம் வந்தால்தான் குரல் பழுத்தது என்று அர்த்தமாம். நர்ஸ் என்கிற முறையில் எனக்கு அந்தக் குரல்வளையைப் பற்றித்தான் கவலை. ஆனால் அந்த முறையில் பாடிய ஒரு கிழவியின் குரலைக் கேட்டபோது, எங்கள் மலையின் ஆகாய கங்கை அருவிக்குக் கீழே நின்று சின்ன வயதில் அண்ணனும் நானும் கெட்ட வார்த்தைகளாகக் கத்தியது நினைவுக்கு வந்தது. அருவிச் சத்தத்தில் எதுவும் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

ஒருநாள் நிலா ஹெட்போனை மாட்டாமல் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க ஏன் திருப்பி அடிக்கலை?”

நான் காகிதத்தை எடுத்தேன். பேனா மூடியைக் கழற்றுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும். உங்கப்பா அப்படியே பந்து மாதிரி கெடந்தாராமேன்னு கேக்கறாங்க. ஒரு அடிகூட அடிக்கலையா நீங்க?”

அன்று அவள் டிரம்ஸை அடித்த அடியில் பக்கத்து வீட்டு டோனல் வந்து கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில், ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய அவர்கள் ஊர் வட்ட மேளம் இருந்தது. என் முகத்தைப் பார்த்தவர், “இது என் ஊர்க்காரன் செய்த வேலை” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, மேலே அவள் அடிக்கிற அடிக்குக் கீழேயிருந்து தட்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் நின்றது. நிலா இறங்கி வந்து, அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தாள். அழுதிருக்கிறாள்.

“எங்க ஊர்ல இதுமாதிரி இருக்கா அப்பா?”

இதைவிடப் பெரிது இருக்கிறது என்று எழுதிக் காட்டினேன்.

3

ஈஸ்டர் விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் நிலாவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: தன் குடும்பத்து மண்ணின் இசையைப் பதிவு செய்துவர வேண்டும். கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டாள். பங்குனி கடைசியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. எல்லாம் பொருந்தி வந்தது.

அடி வாங்கிய கதையை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வழியிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன்.

“ஏன், வெக்கமா?” என்று கேட்டாள். சுமதி அவளை முறைத்தாள்.

அண்ணன் பழனிச்சாமி பஸ் நிற்கிற செம்மேடு வரைக்கும் ஜீப்போடு வந்து நின்றிருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மிளகும் குச்சிக்கிழங்கும் பயிர் போட்டு, என்னைப் படிக்க வைத்தவர். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முன்னால் நிற்கிற ஆள். நிலாவைப் பார்த்ததும், “வா கண்ணு, பெரியப்பனத் தெரியுதா?” என்று தலையைத் தடவினார். என் பக்கம் திரும்பி, “ஏன்டா ராசு, கன்னம் ஒட்டிப்போச்சு? அங்க சோறு போடறதில்லையா?” என்றார்.

நோம்பிக்கு மேளம் சடையண்ணன். ஊரில் எல்லா நல்லது கெட்டதுக்கும் அவர் மேளம்தான். நிலா போன மறுநாளே அவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவதை, விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதை எல்லாம் பதிவு செய்தாள். ‘சாமி இறங்கற அடி’ என்று அவர் ஒன்று அடித்துக் காட்டினார். நிலா கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

“இத டோனல் கேக்கணும்ப்பா. செத்துருவாரு,” என்றாள்.

4

சாமி ஊர்வலம் மத்தியானத்துக்கு மேல் புறப்பட்டது. ஒரு வண்டி மட்டும் போகிற தார் ரோடு. முன்னால் சடையண்ணனும் அவர் ஆட்களும், அவர் இடுப்புக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு நிலா, பின்னால் சப்பரம், கூட்டம். நான் சப்பரத்துக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தேன்.

எதிரே ஒரு கார் வந்தது. வாசலூர்பட்டி படகுத்துறையில் குடித்துவிட்டு வருகிற சமவெளிப் பையன்கள் நான்கு பேர். டிக்கியைத் திறந்துவைத்து, உள்ளே அதை அடைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கர். அதிலிருந்து வந்த தடதடப்பில் மேளம் அமுங்கிப்போனது. ஹாரனை விடாமல் அடித்தார்கள்.

“ஓரமா நிறுத்துங்க தம்பி, சாமி போயிரட்டும்ங்க,” என்றார் சடையண்ணன்.

“யோவ், நீ நகருய்யா!”

சடையண்ணன் நகரவில்லை. மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார். வண்டி ஓட்டியவன் இறங்கினான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்த வேகத்தில் மேளத்தை உதைத்தான். தோல் கிழிந்தது. சடையண்ணன் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் கையில் இருந்த பீர் பாட்டிலால் அவர் தலையில் ஓங்கி அடித்தான். ரத்தம் அவர் கண்ணை மறைத்துக்கொண்டு இறங்கியது. நடுவில் போன நிலாவைப் பிடித்துத் தள்ளினான். அவள் காரின் முன்பக்கத்தில் மோதி ரோட்டில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் பார்த்துக்கொண்டிருக்குமா? கூடவந்த மூன்று பேரும் காட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் மாட்டிக்கொண்டான். நானும் ஓடினேன். நிலாவின் முழங்கால் கிழிந்து ரத்தம் வந்ததைப் பார்த்தவன், அவனைக் கொல்லத்தான் ஓடினேன். பொய் சொல்லவில்லை.

நான் போவதற்குள் அவன் கீழே கிடந்தான். மூங்கில் தடி, செருப்பு, கல், எது கிடைத்ததோ அது. எல்லாருக்கும் முன்னால் அண்ணன்.

“வெளியூர் நாயி, எங்க ஊருக்கே வந்து எங்க புள்ள மேல கைய வெப்பியாடா? ஊருக்குப் போயிருவியாடா நீ?”

தடி அவன் விலாவில் விழுந்தது. கூட்டத்தின் கூச்சலுக்கு அடியில் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. எல்லாரும் அதை வெளியேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. அவன் முழங்காலை வயிற்றோடு சேர்த்து, தலையைக் கைகளுக்குள் கொடுத்துச் சுருண்டுகொண்டிருந்தான். ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

இன்னும் நாலு அடி விழுந்தால் செத்துவிடுவான். அதைச் சொல்ல நர்ஸ் படிப்புத் தேவையில்லை. நான் அவன்மேல் விழுந்தேன். யோசித்துச் செய்யவில்லை. என் வயிற்றுக்கு அடியில் அவன் உடம்பு நடுங்கியது; பீரும் மூத்திரமும் ரத்தமும் சேர்ந்து நாறியது. முதுகில் இரண்டு அடி விழுந்தது. மூன்றாவது அண்ணனுடைய தடி. கழுத்துக்குப் பக்கத்து எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

“ராசு!” என்று அண்ணன் அலறினார். அதற்குப் பிறகுதான் எல்லாம் நின்றது.

5

அவன் பிழைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. போலீஸ் இரண்டு பக்கமும் வழக்குப் போட்டது. பிறகு இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். சடையண்ணனுக்குத் தலையில் தையல். வலது கையைத் தூளியில் கட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன்.

“நீங்க செஞ்சது எனக்குப் புடிக்கலீங்க,” என்றார் முகத்துக்கு நேராக. “மேளத்த ஒதைச்சவன். இன்னும் ரெண்டு வாங்கியிருக்கோணும்.”

தலையில் கட்டோடு இருக்கிறவரிடம் என்ன சொல்ல?

அண்ணன் என்னோடு பேசவில்லை. ஊர்சனத்துக்கு நடுவில் வெளியூர்க்காரனுக்காக விழுந்தவன் தம்பி என்று அவருக்கு அவமானம். அந்தத் தம்பியின் எலும்பைத் தானே முறித்துவிட்டோம் என்பது அதைவிடப் பெரிய அவமானம். இரண்டையும் சேர்த்து என்மேல் கோபமாக வைத்துக்கொண்டார்.

நிலா அதைவிட மோசம். முழங்காலில் கட்டோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள்.

“அவன் என்னைத் தள்ளினான். நீங்க அவனக் காப்பாத்துனீங்க. அங்கயும் அடி வாங்குனீங்க. இங்கயும் அடிதான் வாங்குனீங்க.”

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம். சுமதி நிலாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் தட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தார். ஒன்றும் பேசாமல் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார். தடி பிடித்த அதே கை.

“வாயத் தொற.”

திறந்தேன்.

“நல்லாத் தொறடா.”

“இவ்வளவுதாண்ணா தொறக்கும்.”

அவர் கை அப்படியே நின்றது. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். தாடைக்கு அடியில் இருந்த தழும்பை, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவினார். விலங்கு கடித்த மாட்டைச் சோதிப்பது போலப் பார்த்தார்.

“வழுக்கி உளுந்தா இப்படியாடா ஆகும்?”

உள் கதவுக்குப் பக்கத்தில் துணி மடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“எவன்டா? அங்க எவன் உன்மேல கைய வெச்சான்? எப்படி இருந்தான்? சொல்றா!”

“உன்னாட்டந்தாண்ணா இருந்தான்,” என்றேன். “நல்ல கோவக்காரன். எந்த ஊர்ல இருந்தோ வந்தவன், எங்க ஊர்ல நிக்கறானேன்னு கோவம்.”

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்து, அதைப் பாதியாகப் பிட்டு, சின்னதாக உருட்டினார். அந்த அளவுக்குத் திறந்த வாயில் அது போகும். ஊட்டினார். பாதி சோறு என் மடியில் விழுந்தது. தட்டு காலியாகும் வரைக்கும் அப்படியே சின்னச் சின்னதாக உருட்டி ஊட்டினார்.

6

இங்கே திரும்பிய பிறகு நிலா ஊர்வலத்தில் எடுத்த பதிவைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கவில்லை. சடையண்ணன் முதல் நாள் அடித்துக் காட்டியதை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். டோனல் அதைக் கேட்டுவிட்டுத் தன் மேளத்தில் அடித்துப் பார்க்கிறார். வராது, அவருக்கு மூன்றுமூன்று அடியாகத்தான் கை போகும். நிலா சொல்லித்தருகிறாள். அவர்கள் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள்.

என்னைத் தாக்கியவர்களில் ஒருவன் மட்டும் பிடிபட்டான். வழக்கு இன்னும் நடக்கிறது. அவனைப் பற்றி நான் கோர்ட்டில் என்ன சொல்ல விரும்புகிறேன் என்று கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பதில் எழுதவில்லை. நான் மகாத்மா இல்லை. அந்த பஸ் நிறுத்தத்துக்கு இன்றைக்கும் என்னால் போக முடிவதில்லை. ஒரு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் ஏறுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலா என் அறைக்கு வந்தாள். ஹெட்போன் கையில் இருந்தது.

“ஊர்ல எடுத்தது. நான் கீழ விழுந்தப்பவும் ஓடிட்டே இருந்திருக்கு. நான் இப்பதான் முழுசாக் கேட்டேன். நீங்க கேக்கணும்.”

வேண்டாம் என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காதுக்கு அவள், ஒரு காதுக்கு நான் என்று வைத்துக்கொண்டாள்.

மேளம். ஹாரன். பாட்டில் உடைகிற சத்தம். நிலாவின் வீறல். பிறகு கூட்டம். பின்வரிசையில் இருந்த ஒரு மேளக்காரருக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை போலிருக்கிறது. அவர் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தத் தாளத்துக்கு நடுவில் அடி விழுகிறது. அண்ணனின் குரல். அதற்கடியில் ஒரு ஆள் கத்துகிறான். அடிபட்ட பையன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது என் குரல். நான் வாயே திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறேன். என் ஊர் ரோட்டில், என் அண்ணனுடைய தடிக்கு அடியில் கிடந்து, திரும்பத் திரும்ப ஒரே வரி.

‘ஸ்டாப்! ஐ லிவ் ஹியர்! ஐ லிவ் ஹியர்!’

நான் இங்கேதான் இருக்கிறவன். பஸ் நிறுத்தத்தில் அந்த மூன்று பேரிடம் சொல்லியிருக்க வேண்டியது. அன்று எனக்கு ஐயோ, அம்மா என்று தமிழ்தான் வந்தது. அங்கே யாருக்கும் புரியவில்லை. மலையில் வந்தது இது. அங்கேயும் யாருக்கும் புரியவில்லை.

நிலா பதிவை நிறுத்தவில்லை. என்மேல் சாய்ந்துகொண்டாள். அவள் சாய்ந்த பக்கம்தான் முறிந்து கூடிய எலும்பு, வலித்தது, சொல்லவில்லை.

“யாருகிட்டப்பா சொன்னீங்க?”

“தெரியல கண்ணு.”

“எனக்குப் புரிஞ்சுதுப்பா,” என்றாள்.